பேர் கேம்ப் சாலை, 2006: ஒரு குடும்பப் பயணத்தின் நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவில் நவம்பர் மாதத்தின் நான்காம் வியாழக்கிழமை வரும் நன்றி நவிலும் நாளையொட்டிய நீண்ட விடுமுறை, குடும்பங்கள் காரில் வெளியூர் கிளம்பும் காலம். சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் வாழும் தமிழ்க் குடும்பங்களும் அந்த நாட்களில் குழந்தைகளோடு வடக்கே ஒரிகன், வாஷிங்டன் மாநிலங்களுக்குச் செல்வதுண்டு. 2006-ஆம் ஆண்டு அதே விடுமுறையில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து சென்ற ஒரு குடும்பம் திரும்பி வரும் வழியில் ஒரிகனின் மலைக்காட்டில் பனியில் சிக்கியது. தாயும் இரண்டு பெண் குழந்தைகளும் ஒன்பதாம் நாள் உயிருடன் மீட்கப்பட்டார்கள். உதவி தேடி நடந்துபோன தந்தை இறந்தார். அவர் பெயர் ஜேம்ஸ் கிம், வயது 35, சிநெட் என்ற தொழில்நுட்பச் செய்தித் தளத்தின் மூத்த ஆசிரியர். குழந்தைகளில் மூத்தவளுக்கு நான்கு வயது, இளையவளுக்கு ஏழு மாதம்.

இந்த நிகழ்விலிருந்து வழக்கமாக எடுத்துச் சொல்லப்படும் பாடம், பனியில் வண்டி நின்றுவிட்டால் வண்டியை விட்டு இறங்காதீர்கள் என்பது. அதில் தவறில்லை, ஆனால் அது பாதிதான் என்பதே இக்கட்டுரையின் வாதம். வண்டியிலேயே காத்திருப்பது, யாரோ ஒருவர் தேடிக்கொண்டிருக்கிறார், அதுவும் சரியான இடத்தில் தேடிக்கொண்டிருக்கிறார் என்றால் மட்டுமே உயிரைக் காக்கும். அந்தத் தேடல் எப்போது தொடங்கும் என்பதோ, குடும்பம் வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது.

பயணம்

விடுமுறையைச் சியாட்டிலில் கழித்துவிட்டு, நவம்பர் 25 சனிக்கிழமை அவர்கள் போர்ட்லாந்திலிருந்து தெற்கே புறப்பட்டார்கள். பசிபிக் கடற்கரையில் உள்ள கோல்டு பீச் என்ற சிற்றூருக்கு அருகே, ரோக் ஆற்றங்கரையில் ஒரு விடுதியில் அன்றிரவு தங்குவதாக ஏற்பாடு. வந்துசேரத் தாமதமாகும் என்று விடுதிக்குத் தொலைபேசியில் சொல்லியிருந்தார்கள். ரோஸ்பர்க் நகரில் இரவு உணவை முடித்தபோதே நன்றாக இருட்டிவிட்டிருந்தது. நவம்பர் இறுதியில் அப்பகுதியில் மாலை ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும்.

ரோஸ்பர்க்குக்குத் தெற்கே, ஐந்தாம் எண் தேசிய விரைவுச்சாலையின் 119-ஆம் வெளியேறும் வழியில் பிரிவது 42-ஆம் எண் மாநிலச் சாலை. கடற்கரைக்குப் போகும் முதன்மையான வழி அதுதான். அதை அவர்கள் தவறவிட்டார்கள். அந்நாட்டில் வெளியேறும் வழிகளின் எண்கள் மைல் கணக்கில் அமைந்தவை. அவர்கள் கடைசியில் மேற்கே திரும்பிய மெர்லின் பகுதியின் எண் 61. ஆக, விட்ட இடத்திற்குத் திரும்ப வேண்டுமென்றால் ஏறத்தாழ 58 மைல், அதாவது 93 கிலோமீட்டர் வடக்கே போக வேண்டும். பிறகு அங்கிருந்து கடற்கரைக்கு இன்னும் சில மணி நேரம். பின்னிருக்கையில் கைக்குழந்தை இருக்க, இரவில், ஓட்டிக் களைத்த ஒருவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் வேறு வழி தேடுவது இயல்பே. அவர்கள் காகித வரைபடத்தை விரித்தார்கள். மெர்லினிலிருந்து கலீஸ், பேர் கேம்ப், ஆக்னஸ் வழியாகக் கோல்டு பீச்சுக்கு ஒரு கோடு கிட்டத்தட்ட நேராகவே போயிற்று.

இன்னொரு வழியும் இருந்தது. கிராண்ட்ஸ் பாஸ் நகரிலிருந்து 199-ஆம் எண் நெடுஞ்சாலையில் தென்மேற்கே இறங்கி, கலிஃபோர்னியாவின் கிரெசென்ட் சிட்டியை அடைந்து, கடற்கரையோரமாக 101-ஆம் எண் சாலையில் வடக்கே ஏறலாம். வரைபடத்தில் அது இரண்டு மடங்கு தூரமாகத் தெரியும். போகவேண்டிய ஊரை விட்டு விலகிப் போவதுபோலவும் தோன்றும். குளிர்காலத்தில் அப்பகுதியை அறிந்தவர்கள் போகிற வழி அதுதான்.

சாலை

பேர் கேம்ப் சாலை மோசமான சாலை அல்ல; தப்பிதம் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. தார் போட்டது, பெரும்பகுதி ஒரே வண்டி போகும் அகலம், எதிரே வருபவருக்கு ஒதுங்கி நிற்க ஆங்காங்கே இடமுண்டு. கோடையில் ரோக் ஆற்றில் ரப்பர் படகில் செல்ல வரும் சுற்றுலாக் கூட்டத்தின் வண்டிகளை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கொண்டுசெல்லும் ஓட்டுநர்கள் தினமும் அதில் போய்வருவார்கள். ஆனால் அது சிஸ்கியூ மலையின் உயரமான பகுதியைக் கடக்கிறது. குளிர்காலத்தில் அங்கே பனி அகற்றும் வண்டி வருவதில்லை. பள்ளத்தாக்கில் மழையாகப் பெய்வது மேலே பனியாக விழும். கீழே நின்று பார்ப்பவருக்கு மேலே என்ன நடக்கிறது என்று தெரியாது.

எச்சரிக்கைகள் இல்லாமல் இல்லை. பனி வழியை மறிக்கக்கூடும் என்று சாலையோரப் பலகைகள் சொல்லின. மாநில வரைபடத்திலும் குளிர்காலத்தில் இச்சாலை மூடப்படும் என்ற சிறு குறிப்பு இருந்தது. ஆனால் "கூடும்" என்று சொல்லும் பலகை, ஓட்டுநரிடம் முடிவை ஒப்படைக்கிறது. உள்ளூர்க்காரர் அதை "போகாதே" என்று படிப்பார். வெளியூர்க்காரர் "பார்த்துப் போ" என்று படிப்பார். வரைபடத்தில் ஒரு சாலை எந்தத் தடிமனில் வரையப்பட்டிருக்கிறது என்பதைக் கவனித்தவர்கள், அது எந்த மாதத்தில் இருக்கும், எந்த மாதத்தில் இருக்காது என்பதைக் கவனிக்கத் தவறுவது அறிவுக் குறைவால் அல்ல, ஊர் தெரியாததால்.

மேலே ஏறியபோது பனி கனத்தது. வண்டியைத் திருப்ப இடமில்லாமல் பின்னோக்கியே இறக்கி, ஒரு பிரிவுக்கு வந்தார்கள். அங்கே 34-8-36 என்ற எண்ணுள்ள, மத்திய அரசின் நில மேலாண்மைத் துறைக்குச் சொந்தமான கிளைச்சாலை பிரிந்து கீழ்நோக்கிப் போகிறது. மரம் வெட்டி ஏற்றிச் செல்லப் போடப்பட்டவை இத்தகைய சாலைகள். எந்த ஊருக்கும் போய்ச் சேராமல் காட்டுக்குள் கிளைத்துக் கிளைத்து முடிந்துவிடுபவை. ஆனால் முகப்பில் அதற்கும் தார் போட்டிருக்கிறது, கீழ்நோக்கிப் போகிறது, பனி அங்கே குறைவு. இருளில் விளக்கு வெளிச்சத்தில் எது முதன்மைச் சாலை என்று கேட்டால், பெரும்பாலானோர் அதைத்தான் காட்டியிருப்பார்கள்.

அந்தச் சாலைக்கு ஒரு இரும்புக் கதவு உண்டு. இப்படி யாரும் தவறிப் போகக்கூடாது என்பதற்காகவே குளிர்காலத்தில் அதைப் பூட்டிவைப்பது ஏற்பாடு. அன்று அது திறந்திருந்தது. விஷமிகள் பூட்டை உடைத்துவிட்டார்கள் என்று முதலில் செய்தி வந்தது. பின்னர் நடந்த விசாரணையில், உள்ளே போன வேட்டைக்காரர்கள் யாரேனும் மாட்டிக்கொள்ளக்கூடும் என்று எண்ணிக் கதவு பூட்டப்படாமல் விடப்பட்டது தெரியவந்தது. ஒருவரைச் சிக்கவிடாமல் இருக்கச் செய்த காரியம் இன்னொருவரைச் சிக்கவைத்தது. இதில் வில்லன் யாரும் இல்லை என்பதுதான் இந்த நிகழ்வைப் படிப்பதில் உள்ள சங்கடம்.

காத்திருப்பு

ஞாயிறு விடியற்காலை இரண்டு மணியளவில், களைப்பாலும் வானிலையாலும் வண்டியை நிறுத்தினார்கள். காலையில் பார்த்தபோது மேலும் பனி விழுந்திருந்தது. அவர்களுடையது நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் சாப் 9-2எக்ஸ் கார், அதுவும் உதவவில்லை. கைபேசிக்குச் சிக்னல் இல்லை.

அடுத்த ஆறு நாட்கள் அவர்கள் நடந்துகொண்ட விதத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. எஞ்சினை ஓடவிட்டுச் சூடேற்றிக்கொண்டார்கள். எரிபொருள் தீர்ந்ததும் பத்திரிகைகளையும் விறகையும் எரித்தார்கள். பிறகு, கரும்புகை எழுந்தால் யார் கண்ணிலாவது படும் என்று கார் டயர்களை எரித்தார்கள். கையிலிருந்த சொற்பத் தின்பண்டம் தீர்ந்தபின், தாய் கைக்குழந்தைக்கு மட்டுமின்றி மூத்த மகளுக்கும் தாய்ப்பால் கொடுத்தார். குழந்தைகள் இருவரும் பிழைத்ததற்கு வேறெதையும்விட அதுவே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

டிசம்பர் 2 சனிக்கிழமை காலை ஜேம்ஸ் கிம் நடந்து புறப்பட்டார். கலீஸ் என்ற ஊர் நான்கு மைல் தூரத்தில்தான் இருக்கிறது என்று கணவனும் மனைவியும் வரைபடத்தைப் பார்த்துக் கணக்கிட்டிருந்தார்கள். அந்தக் கணக்குத் தப்பு. யாரையும் காணாவிட்டால் அன்றே திரும்பிவிடுவதாகச் சொல்லிச் சென்றார். காலில் சாதாரண விளையாட்டுக் காலணி. வந்த வழியே சாலையில் நடந்தவர், பிறகு சாலையை விட்டு விலகி, பிக் விண்டி ஓடை ஓடும் பள்ளத்தாக்கில் இறங்கினார். டிசம்பர் 6 நண்பகலில் அவருடைய உடல் அந்த ஓடையில் கிடைத்தது. இறப்புக்குக் காரணம் கடுங்குளிரால் உடல்வெப்பம் தாழ்ந்தது. காரிலிருந்து அந்த இடம்வரை அவர் நடந்த தூரம் 16 மைலுக்குச் சற்று அதிகம். குளிர்காலத்துக்காக மூடப்பட்டிருந்த, ஆனால் உள்ளே உணவுப்பொருள் நிறைந்திருந்த பிளாக் பார் என்ற ஆற்றங்கரை விடுதி அங்கிருந்து சுமார் ஒரு மைல்.

இரண்டு நாட்களுக்கு முன்பு, டிசம்பர் 4 அன்று, தாயும் குழந்தைகளும் கண்டுபிடிக்கப்பட்டிருந்தார்கள்.

தேடல்

அவர்களைக் கண்டவர் அரசுத் தேடல் குழுவைச் சேர்ந்தவர் அல்லர். அப்பகுதியில் சொந்த ஹெலிகாப்டர் வைத்திருந்த ஒருவர், அந்த மலைச்சாலைகளை நன்கறிந்தவர், வழி தவறிய வெளியூர்க்காரர் எந்தக் கிளையில் இறங்கியிருப்பார் என்று தானே யோசித்து அந்தப் பக்கம் பறந்து பார்த்தார். பனியில் தடங்கள் தெரிந்தன. பிறகு குடையை அசைத்துக்கொண்டிருந்த தாய் தெரிந்தார்.

தேடலை அந்த வட்டாரத்துக்குக் கொண்டுவந்தது இன்னொரு தனிமனித முயற்சி. ஒரிகனில் இயங்கிய எட்ஜ் வயர்லெஸ் என்ற கைபேசி நிறுவனத்தின் பொறியாளர்கள் இருவர், செய்தியைக் கேட்டுவிட்டுத் தாமாகவே தங்கள் நிறுவனப் பதிவேடுகளைத் துழாவினார்கள். நவம்பர் 26 அதிகாலை ஒன்றரை மணியளவில் அந்தக் குடும்பத்தின் கைபேசிக்கு வந்திருந்த குறுஞ்செய்திகள், கிளெண்டேல் அருகிலுள்ள ஒரு கோபுரத்தின் வழியே கணநேரம் கிடைத்த இணைப்பில் சேர்ந்திருந்தன. அந்தக் கோபுரத்தின் அலை எந்த மலைச்சரிவுகளை எட்டும், எவற்றை எட்டாது என்று கணினியில் வரைந்து பார்த்தபோது, பேர் கேம்ப் சாலை வட்டாரம் தெரியவந்தது. அதுவரை போர்ட்லாந்துக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடைப்பட்ட பெரும் பரப்பு முழுவதும் தேட வேண்டியதாக இருந்த ஒன்று, ஒரு மலைத்தொடரின் சில சரிவுகளாகச் சுருங்கியது.

இனி தேதிகளை வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும். கார் நின்றது 26-ஆம் தேதி அதிகாலை. அவர்களைக் காணோம் என்று சான் பிரான்சிஸ்கோ காவல்துறைக்குப் புகார் போனது 29-ஆம் தேதி. ஜேம்ஸ் வேலைக்குத் திரும்பாததால் உடன் பணியாற்றியவர்களுக்குக் கவலை பிறந்தபின். ஒரிகனில் தேடல் தொடங்கியது 30-ஆம் தேதி வாக்கில். பொறியாளர்களின் தகவல் கிடைத்தது டிசம்பரின் முதல் சனி, ஞாயிறில். ஆறாம் நாள்வரை அந்தக் குடும்பம் செய்யவேண்டியதையெல்லாம் செய்துகொண்டு காத்திருந்தது; அந்த ஆறு நாட்களில் முதல் மூன்று நாட்கள் அவர்களை யாரும் தேடவே இல்லை.

ஏன்? சனிக்கிழமை இரவு அவர்களை எதிர்பார்த்துக்கொண்டிருந்த ஒரே இடம் விடுதி. முன்பதிவு செய்துவிட்டு வராமற்போகும் விருந்தினர் எந்த விடுதிக்கும் புதியவர் அல்லர். வராதவருக்காகக் காவல்துறையை அழைக்கும் விடுதி அரிது. எப்போது வீடு திரும்ப வேண்டும் என்று அறிந்திருந்தவர்களுக்கு, இடையில் எந்த இரவு எந்த வழியில் இருப்பார்கள் என்று தெரியாது. வழி தெரிந்திருந்தாலும், மெர்லினில் மனம் மாறியது யாருக்கும் தெரியாது.

தேடலில் இருந்த குழப்பங்களை ஒரிகன் மாநில ஷெரீஃபுகள் (மாவட்டக் காவல் தலைவர்கள்) சங்கம் பின்னர் ஆராய்ந்தது. அம்மாநிலத்தில் காணாமற்போனோரைத் தேடும் பொறுப்பு அந்தந்த மாவட்டத்தின் ஷெரீஃபுக்கு உரியது. இந்தத் தேடலோ பல மாவட்டங்களில் பரவியிருந்தது. தகவல் பரிமாற்றம் சரியாக இல்லை. ஜேம்ஸின் தந்தை ஸ்பென்சர் கிம், தம் செலவில் ஹெலிகாப்டர்களை அமர்த்தித் தேடியவர், 2007 ஜனவரியில் வாஷிங்டன் போஸ்ட் இதழில் எழுதிய கட்டுரையில், காணாமற்போனவரின் கடன் அட்டை, தொலைபேசிப் பதிவுகளை நெருங்கிய உறவினர் உடனடியாகப் பெறச் சட்டம் இடம்தர வேண்டும் என்றும், ஆபத்தான சாலைகளின் கதவுகள் பூட்டப்படவேண்டும் என்றும் கோரினார். மகனை இழந்து ஏறத்தாழ ஒரு மாதத்தில் வெளிவந்த அந்தக் கட்டுரையில் புலம்பலைவிட நிர்வாகக் கோரிக்கைகளே முன்னிற்கின்றன. அவை நியாயமானவை, ஆனால் அரசு செய்யவேண்டியவை. குடும்பம் செய்யக்கூடியதை அறிய, அதே மலையில் நடந்த வேறு இரண்டு நிகழ்வுகளைப் பார்ப்பது உதவும்.

அதே மலையில்

1994 நவம்பரில், மொன்டானா மாநிலத்தைச் சேர்ந்த ஒரு விற்பனையாளர் அதே பேர் கேம்ப் வட்டாரத்தில் தம் வண்டியோடு பனியில் சிக்கினார். அவர் வண்டியை விட்டு இறங்கவில்லை. கடவுளை நம்பியும் உதவியை எதிர்பார்த்தும் வாரக்கணக்கில் காத்திருந்து, குறிப்புகள் எழுதிவைத்து, வண்டிக்குள்ளேயே இறந்தார். பனி உருகியபின், 1995 மே மாதத்தில்தான் அவர் உடல் கிடைத்தது.

2006 மார்ச்சில், அதாவது கிம் குடும்பம் சிக்குவதற்கு எட்டு மாதம் முன்பு, ஒரிகனின் ஆஷ்லாந்து நகரிலிருந்து மூன்று தலைமுறையைச் சேர்ந்த ஆறு பேர் ஒரு வீட்டு வாகனத்தில் கடற்கரைக்குக் கிளம்பி, அதே மலையில் பனியில் மாட்டினார்கள். அவர்களிடம் வண்டியிலேயே அடுப்பும் எரிவாயுவும் உணவும் இருந்தன. இரண்டு வாரத்துக்கு மேல் காத்திருந்துவிட்டு, வலுவான இருவர் முகாமுக்குரிய பொருட்களோடு நடந்து வெளியேறினார்கள். அவர்களைக் கண்டவர்கள் தகவல் சொல்ல, மற்ற நால்வரும் மீட்கப்பட்டார்கள். பதினேழு நாட்களுக்குப் பின் ஆறு பேரும் உயிருடன்.

ஆக, வண்டியிலேயே இருந்த ஒருவர் இறந்தார். வண்டியை விட்டு நடந்த இருவர் தங்களையும் மற்றவர்களையும் காப்பாற்றினார்கள். கிம் குடும்பத்தில் வண்டியிலேயே இருந்தவர்கள் பிழைத்தார்கள், நடந்தவர் பிழைக்கவில்லை. இருப்பதா, போவதா என்பதை மட்டும் வைத்து இந்த மூன்றையும் விளக்க முடியாது. நடந்து மீண்டவர்களிடம் குளிருக்கேற்ற பொருட்கள் இருந்தன, சாலையிலேயே நடந்தார்கள். வண்டியில் காத்திருந்து இறந்தவரை, அவர் இருந்த இடத்தில் தேட யாருக்கும் காரணம் இருக்கவில்லை. ஜேம்ஸ் கிம் ஆறு நாள் காத்திருந்தபின் எடுத்த முடிவைப் பின்னாளில் இணையத்தில் பலர் எளிதாகக் கண்டித்தார்கள். எரிபொருளும் உணவும் தீர்ந்து, உதவிக்கு யாரும் வராத ஏழாம் நாள் காலையில் இரண்டு குழந்தைகளின் தகப்பன் வேறென்ன நினைத்திருக்க முடியும்? யாரும் தேடவில்லை என்ற முடிவுக்கு அவர் வந்திருந்தால், முதல் சில நாட்களைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட.

திட்டத்தில் இருந்திருக்க வேண்டியது

பயணத் திட்டம் என்றால் நாம் பொதுவாக எழுதுவது விடுதி, பார்க்கும் இடம், செலவு. இந்த நிகழ்வைப் படித்தபின் நான் முதலில் எழுதச் சொல்வது ஒரு மனிதரின் பெயரை. ஊரில் இருக்கும் அண்ணனோ, நண்பரோ, பக்கத்து வீட்டுக்காரரோ, ஒவ்வொரு இரவும் நம் குறுஞ்செய்தியை எதிர்பார்த்திருப்பவர். "நாளை காலை பத்து மணிக்குள் சேர்ந்துவிட்டோம் என்று சொல்வோம், சொல்லாவிட்டால் முதலில் விடுதியை அழையுங்கள், அங்கும் இல்லையென்றால் இந்த எண்ணில் காவல்துறையை அழையுங்கள்" என்று அவரிடம் சொல்லி வைப்பது. எந்த மாவட்டத்துக் காவல்துறை என்பதையும் எழுதிக் கொடுப்பது. ஊர் தெரியாதவருக்கு அந்த நேரத்தில் அதைத் தேடுவதே பாதி நாள் வேலை. வண்டியின் நிறம், பதிவெண், கைபேசி நிறுவனம் ஆகியவையும் அதே தாளில். குறிப்பாகக் கைபேசி நிறுவனத்தின் பெயர்: கிம் குடும்பத்தைத் தேடும் இடத்தைச் சுருக்கிய தகவல் வந்த திசை அதுவே.

இரண்டாவது, வழியை மாற்றும்போது, மாற்றுவதற்கு முன் அதைச் சொல்வது. மெர்லினில் விரைவுச்சாலையை விட்டு இறங்கும் முன் "பேர் கேம்ப் வழியாகப் போகிறோம்" என்று அனுப்பப்பட்ட ஒரு வரி, பிறகு பொறியாளர்கள் பதிவேடுகளைத் துழாவிக் கண்டுபிடித்ததை ஒரு நொடியில் சொல்லியிருக்கும். சிக்னல் உள்ள கடைசி இடமும் பெட்ரோல் நிலையம் உள்ள கடைசி இடமும் பெரும்பாலும் ஒன்றே. அங்கே நின்று, உள்ளே பணம் கொடுக்கும் சாக்கில், "இந்த மாதத்தில் இந்த வழி திறந்திருக்குமா?" என்று கேட்பதற்கு எந்தச் செயலியும் ஈடில்லை.

செயலிகள் இந்தச் சிக்கலைத் தீர்த்துவிட்டன என்று நினைப்பதற்கு இடமில்லை. 2009 கிறிஸ்துமஸ் அன்று நெவாடாவைச் சேர்ந்த ஒரு தம்பதியர், அதே ஒரிகன் மாநிலத்தின் வேறொரு வனப்பகுதியில், ஜிபிஎஸ் கருவி காட்டிய குறுக்குவழியில் போய்ப் பனியில் சிக்கினார்கள். மூன்றாம் நாளில் அவர்களுடைய கைபேசி எப்படியோ சிக்னல் பெற்று இருப்பிடத்தை அனுப்பியதால் பிழைத்தார்கள். சிக்கவைத்ததும் மீட்டதும் ஒரே தொழில்நுட்பம். 2022 நவம்பரிலிருந்து அமெரிக்காவிலும் கனடாவிலும் ஐபோன் 14 வகைக் கைபேசிகள், கோபுரம் இல்லாத இடத்திலும் செயற்கைக்கோள் வழியே அவசரச் செய்தி அனுப்புகின்றன. 2006-இல் அது இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்குத் தேவை இருந்திருக்காது. எனினும் மின்கலம் தீர்ந்தாலோ, ஓட்டுநர் மயங்கினாலோ அது தானாகப் பேசாது. மேலும், அங்கே வாங்கிப் பழகிய தனிச் செயற்கைக்கோள் தொடர்புக் கருவியை விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது பெட்டியில் போட்டுக்கொண்டு வருவது கூடாது. முன் அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பது இந்தியச் சட்டப்படி குற்றம், விமான நிலையத்திலேயே பிடிபட்டவர்கள் உண்டு.

மூன்றாவது, முன்பதிவைக் கைவிடுவதற்கான அனுமதியை முன்கூட்டியே தமக்குத்தாமே கொடுத்துக்கொள்வது. அன்றிரவு ரோஸ்பர்க்கிலோ கிராண்ட்ஸ் பாஸிலோ நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு மோட்டலில் அறை எடுத்திருந்தால், கட்டிய வாடகை போயிருக்கும், அவ்வளவுதான். ஆனால் அந்த முடிவை இரவு ஒன்பது மணிக்கு, குழந்தை அழும்போது, புதிதாக எடுப்பது கடினம். "இருட்டியபின் மலைச்சாலை ஏறுவதில்லை, எட்டு மணிக்குச் சேரவில்லையென்றால் இருக்கும் ஊரிலேயே தங்குவது" என்பது வீட்டு மேசையில் உட்கார்ந்து இருவரும் ஒப்புக்கொண்ட விதியாக இருந்தால், வழியில் அதைப் பற்றி வாதாட வேண்டியதில்லை, யார் வழி தவறவிட்டது என்ற பேச்சும் எழாது. விடுதிச் செலவில் ஓர் இரவின் வாடகையை இழக்கக்கூடிய தொகையாகத் தொடக்கத்திலேயே சேர்த்துவிடலாம்.

கம்பளி, தண்ணீர், உலர் உணவு, நெருப்பெட்டி, மண்வாரி ஆகியவற்றைப் பற்றி எல்லாக் கையேடுகளும் சொல்கின்றன, அவை தேவையே. ஆனால் அவை வாங்கித் தருவது காலத்தை. கிம் குடும்பம் ஏறக்குறைய எதுவும் இல்லாமலே ஆறு நாட்களைச் சம்பாதித்தது. ஞாயிறு காலை பத்து மணிக்கு யாரோ ஒருவர் தொலைபேசியை எடுத்திருந்தால், திங்கட்கிழமைக்குள் பேர் கேம்ப் சாலையின் மேல் ஒரு ஹெலிகாப்டர் பறந்திருக்கலாம். அப்போது காரில் எரிபொருள் இருந்தது. நான்கு பேரும் உள்ளே இருந்தார்கள்.